கேஸ் என்று எழுதியிருந்த உலை

காக்களூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு இரும்புக் கொக்கி செய்யும் சிறிய கம்பெனியில் தரப் பிரிவு என் பொறுப்பு. எங்கள் சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது. போன வருடம் வாங்குபவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். ஒரு கொக்கி உருவாக எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்று, கொக்கிக்கான கம்பி தயாராகும் ஆலையில் தொடங்கிக் கணக்கிட்டுத் தர வேண்டும். பத்து நாள் கெடு.

எங்கள் பக்கக் கணக்குக்குக் கரண்ட் பில்லும் டீசல் பில்லும் போதும். கம்பி வருவது கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றிலிருந்து. அவர்கள் அனுப்பிய தாளில், இரும்பைச் சூடாக்கும் உலைக்கு எரிபொருள் 'கேஸ்' என்று இருந்தது.

அந்த உலையில்தான் என் அண்ணன் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷிப்டு முடிந்து வந்தவன் மூக்கைச் சிந்தினான். துண்டு கருப்பாகிவிட்டது.

"கேஸ் எரிச்சா இப்டி வருமாண்ணா?" என்றேன்.

"கேஸ நிறுத்தி ஆறு மாசமாச்சு. நிலக்கரித் தூள்தான். நீ எங்கியும் எழுதிடாத. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சிடும்."

அண்ணி சோறு போட்டாள்.

அதே சூட்டுக்கு நிலக்கரி கேஸைவிட மிக அதிகமாக கார்பனை வெளியேற்றும். தெரிந்துகொண்டே 'கேஸ்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணன் சொன்னதை வைத்தும் எழுத முடியாது. மறுநாள் முதலாளியிடம், "உலைய நேர்ல பாக்கணும் சார்" என்று மட்டும் சொன்னேன்.

"அவங்க குடுத்தத அனுப்பிட்டுப் போம்மா. எதுக்குப் பேஜாரு?"

"படிவத்துல கையெழுத்து என்னுது சார்."

படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "போய்ட்டு வா" என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்து, "நான் வரேன். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

ஆலை மேனேஜர் டீ கொடுத்தார். கேஸ் பில் கேட்டேன். ஹெட் ஆபீசில் இருக்கிறது என்றார். உலையைப் பார்க்கலாமா என்றேன். "அந்தச் சூடு உங்களுக்குத் தாங்காது மேடம்" என்றார். நான் எழுந்து நின்றேன். வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனார்.

உலைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிய குவியல் ஒன்று. ஓரத்தில் கருந்தூள் சிந்திக் கிடந்தது.

"இது என்ன சார்?"

"பக்கத்துக் கம்பெனியோடது." சொல்லிவிட்டு, உலையருகே நின்றிருந்த அண்ணன் பக்கம் திரும்பினார். "மேடத்துக்குச் சொல்லுப்பா. நாம கேஸ்தானே எரிச்சிக்கினு கீறோம்?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்படிச் சொல்லிவிட்டால் நான் என்ன எழுதுவேன் என்றும் தெரியவில்லை.

"கேஸ் இல்ல சார், தூள்தான்" என்றான். "அவங்கதான் பாத்துட்டாங்களே. இனிமே மறைச்சி இன்னா ஆவப் போவுது?"

ஆபீசுக்குத் திரும்பியதும் மேனேஜர் நிலக்கரி லாரிகளின் எடைச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் போட்டார்.

"ஆர்டர் போச்சுன்னா இத்தினி பேரும் ஊட்டுக்குப் போவணும். அதையும் எழுதிக்கோங்க."

சீட்டுகளைப் போனில் படம் எடுத்தேன்.

உண்மையான கணக்கை அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. முதலாளி தினமும் மெயில் வந்ததா என்று கேட்பார். அதற்குமேல் என்னோடு பேச மாட்டார். அதற்குள் அண்ணனைக் கம்பிகளைக் கட்டாகக் கட்டி அடுக்கும் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வேலை. போன் செய்தால் அண்ணிதான் எடுத்தாள்.

பிறகு பதில் வந்தது. ஆர்டர் தொடரும், ஆனால் நிலக்கரியைக் குறைக்கும் திட்டத்தை ஆலை ஒரு வருடத்துக்குள் தர வேண்டும். அன்று சாயங்காலமே ஆரம்பாக்கம் போய் அண்ணனிடம் சொன்னேன்.

"என்னைத் திரும்ப உலைக்குக் கூப்ட மாட்டாங்க" என்றான்.

"மாட்டாங்கண்ணா."

"நீ எதிர்ல நின்னுக்கினு இருக்கசொல்ல எனக்குப் பொய் வரல. அவ்ளோதான். சாப்ட்டுப் போ."

தட்டை எடுக்க அவன் குனிந்தபோது பார்த்தேன், பின்கழுத்தில் தோல் உரிந்திருந்தது.