பனிச்சரிவு அறிக்கையை வாசித்துக் காட்டிய காலை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். லண்டனிலிருந்து நானும் கணவரும் அவருடைய அண்ணனும் ஸ்கொட்லாந்து மலைகளுக்குப் போயிருந்தோம். லண்டனில் நாங்கள் இருப்பது இல்ஃபோர்டில், அண்ணன் இருப்பது கிங்ஸ்பரியில். குளிர்காலத்தில் மலையேறுவது அவருக்குப் பல வருடப் பழக்கம். என் கணவரும் முன்பு அவருடன் போய்வந்தவர். எனக்கு அதுதான் முதல் தடவை.

காலையில் விடுதியில் தேநீர் குடிக்கும்போது, மலையேறுவோருக்காகத் தினமும் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் போனில் பார்த்தேன். இரவு முழுக்க அடித்த காற்று வடகிழக்குச் சரிவுகளில் புதுப்பனியைக் குவித்திருக்கிறது, அது அடியில் கிடக்கும் பழைய பனியோடு ஒட்டவில்லை, ஆள் கால் வைத்தாலே பலகை பலகையாக உடைந்து சரியலாம் என்று இருந்தது. நாங்கள் ஏற இருந்ததும் அந்தப் பக்கம்தான். இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அண்ணன் சிரித்தார். தினமும் இப்படித்தான் எழுதுவார்கள், அதைப் பார்த்தால் ஒருவரும் மலைக்கே போக ஏலாது என்றார்.

சரிவின் அடிக்கு வந்தபோது பனிக்குள் 'தொம்' என்று ஓர் ஓசை. காலடியிலிருந்து மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. பனி உடையப்போவதற்கான அடையாளம் என்று இதையும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். திரும்பிப் போவோம் என்றேன்.

"பயமெண்டா நீர் இஞ்ச நில்லும். நாங்கள் ஏறிப்போட்டு வாறம்," என்றார் அண்ணன்.

நான் கணவரைப் பார்த்தேன். "அண்ணைக்குத் தெரியும்தானே," என்றுவிட்டு அண்ணன் பின்னாலேயே போனார்.

பாதித் தூரம்கூட ஏறியிருக்கமாட்டார்கள். இருவருக்கும் நடுவில் பனி பிளந்தது. மேலே நின்ற அண்ணன் தப்பிவிட்டார். என் கணவரை அது அள்ளிக்கொண்டு வந்து, நான் ஒதுங்கி நின்ற பாறைக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு மூடியது.

அந்த வழியால் இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிதான், பனிக்கு மேல் ஒரு கையுறை தெரிவதைக் கண்டார்கள். அவர்களிடம் மண்வாரி இருந்தது. நான் கையால் தோண்டினேன். பனி சீமெந்து போல இறுகிக் கிடந்தது. முகம் வெளியே வந்தபோது உதடுகள் நீலமாக இருந்தன. அந்தப் பெண் அவர் வாய்க்குள் இருந்த பனியை விரலால் வழித்து எடுத்தாள். பிறகுதான் அவர் மூச்சு விட்டார். மீட்புக் குழு வரும்வரை தன் மேலங்கியை அவர்மேல் போர்த்திவிட்டு, அவள் நடுங்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. இன்றும் அவரால் இடது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது.

சில மாதங்களுக்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றில், அண்ணன் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "திடீரெண்டு வந்தது. ஆருக்குத் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும், அத்தான். காலமை நான் வாசிச்சுக் காட்டினனான்," என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் கணவர்தான் வாயைத் திறந்தார்.

"ஆக்களுக்கு முன்னால ஏன் அண்ணையைக் குறை சொல்லுறீர்?"

அவர் உயிரோடு இருப்பதே போதும் என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன். ஆனால் பனிக்குள் புதைந்து எழுந்த பிறகும், என் சொல்லைவிட அண்ணனின் மானம்தான் அவருக்குப் பெரிது என்பதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.