அண்ணன் சிரித்தால் ஆடும் பெஞ்சு

கள்ளக்குறிச்சியில் ஒரு மரக்கடையில் பத்து வருஷம் மரம் தூக்கினேன். தேக்கு, வேம்பு, பலா என்று என் தோள் பார்க்காத மரம் கிடையாது. அதனால் எனக்கு மரவேலை தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பத்து வருஷம் பஸ்ஸில் போனவன் பஸ்ஸை ஓட்டிவிடலாம் என்கிற மாதிரி. படிப்பு இரண்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. வாத்தியாரும் நானும் பேசி, ஒருத்தருக்கு ஒருத்தர் தொந்தரவு வேண்டாம் என்று பிரிந்துவிட்டோம்.

உளுந்தூர்பேட்டை ரோட்டோரம் ஒரு பட்டறையை மூடுகிறார்கள், பழைய மிஷின் சல்லிசாகக் கிடைக்கும் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். போனேன். ஒரே மேஜையில் ஒரு பக்கம் வட்ட ரம்பம், இன்னொரு பக்கம் பலகை இழைக்கிற உருளை. மேலே பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பட்டறைக்காரர் சுவரில் இருந்த பட்டனை அழுத்தினார். ரம்பம் பாடிக்கொண்டே சுற்றியது.

“இன்னா சொல்றீங்க?” என்றார்.

“கலரு நல்லா இருக்குதுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கப்புறம் விலை குறையவே இல்லை. நான் பெயிண்டைத்தான் வாங்கினேன். மிஷின் அதற்குள்ளே இலவசமாக வந்தது.

கருணாபுரத்தில் எனக்கு ஒற்றை அறை வாடகை வீடு. மிஷின் உள்ளே போனதும் நானும் என் பெண்டாட்டியும் வெளியே வர வேண்டியதாகிவிட்டது. மோட்டாரில் மூன்று ஒயர் தொங்கியது. பிளக்கில் மூன்று முள் இருந்தது. கடவுளே எண்ணிப் பார்த்து அனுப்பிய மாதிரி இருந்தது. மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சுற்றவில்லை. வயிற்றுவலிக்காரன் மாதிரி உர்ர்ர் என்று முனகியது. அப்புறம் ‘டப்’. எங்கள் வரிசை முழுக்க ஃபேன் நின்று, ஆளாளுக்கு விசிறியோடு வெளியே வந்தார்கள்.

பக்கத்துத் தெரு ஒயரிங்காரர் வந்து குனிந்து பார்த்தார். பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“யோவ், இது மூணு பேஸு மோட்டாரு. நம்ம வூட்டுக்கு வர்றது ஒரு பேஸு. இத்த வாங்கும்போது நீ இன்னா பாத்துக்கினு இருந்த?”

“பெயிண்ட்டைப் பாத்துக்கினு இருந்தேன்.”

இந்தக் கதையை அண்ணனுக்குப் போனில் சொன்னேன். அண்ணன் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கரும்பு வைத்திருந்தார். நான் எது சொன்னாலும் சிரிக்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் நான் சொல்வது நன்றாக இருந்தால் சிரிப்பார்கள். அண்ணன் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார். அன்றைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

“டேய், நம்ம பம்புசெட்டு ஷெட்டுல மூணு பேஸுதான்டா வருது. கொண்டாந்து போடு.”

பின்னால் அண்ணி குரல் கேட்டது. “இன்னாங்க நீங்க? அது வெள்ளாமைக்குன்னு சும்மா குடுத்த கரண்டு. அத்த வச்சி ரம்பம் ஓட்டுனா பிடுங்கிக்குவாங்க. அப்புறம் கரும்புக்கு இன்னாத்த ஊத்தறது?”

“ரெண்டு பலகை அறுக்கறதுக்கு எவன்டி வரப் போறான்?” என்றார் அண்ணன்.

அண்ணி பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த இலவச சர்வீஸுக்கு அண்ணன் எழுதிப் போட்டபோது அவர் மகள் கைக்குழந்தை. கம்பி இழுத்துக் கொடுத்தபோது அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். அதுவரைக்கும் வானத்தைப் பார்த்து விவசாயம் செய்தவர் அவர். பட்டனை அழுத்தினால் தண்ணீர் வருகிறது என்பதை ஒரு வருஷம் வரைக்கும் நம்பாமல், குழாய் வாயில் கையை வைத்து வைத்துப் பார்ப்பார்.

மிஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஷெட்டில் இறக்கினேன். ஓடியது. ஓடியபோதுதான் பெயிண்டுக்கு அடியில் இருந்தது தெரிந்தது. பலகையை நேராகத் தள்ளுவதற்கு உள்ள கட்டை வளைந்திருந்தது. இழைக்கிற பிளேடின் முனை அங்கங்கே உடைந்திருந்தது. இழைத்த பலகையில் வரப்பு வெட்டிய மாதிரி கோடு விழும். பம்பும் ரம்பமும் ஒன்றாக ஓடினால் இரண்டுமே திணறும். அதனால் அண்ணன் பாய்கிற தண்ணீரை நிறுத்திவிட்டு, “ஓட்டுடா, கரும்பு அரை மணி நேரம் பொறுத்துக்கும்” என்பார்.

முதல் வேலையாக அண்ணனுக்கு ஒரு பெஞ்சு செய்தேன். நான்கு காலும் நான்கு உயரம். நான்கையும் சமமாக்குகிறேன் என்று அறுத்து அறுத்து, நாற்காலி உயரத்தில் தொடங்கிய பெஞ்சு முக்காலி உயரத்துக்கு வந்துவிட்டது. அப்போதும் ஒரு கால் குட்டை. அண்ணன் அதில் உட்கார்ந்து சிரித்தால் ‘டக் டக்’ என்று ஆடும். கரும்புக்குள் களை எடுக்கிற அண்ணி அங்கிருந்தே கத்துவாள்:

“பெஞ்சு சத்தம் போடுது. ரெண்டு பேரும் வேலை செய்யிற லட்சணம் தெரியுது!”

ஒரு கல்லை வைக்கிறேன் என்று நான் போனால் அண்ணன் விடமாட்டார். “உடுடா, நல்லாத்தான் இருக்குது.”

என் வாழ்க்கையில் நல்லா இருந்த நாட்கள் அவைதான். அதைக் கெடுக்க வெளியாள் தேவைப்படவில்லை. என் வாயே போதுமாக இருந்தது.

மலை பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. நான் போனால் நான்கு பேர் பக்கத்தில் வந்து உட்காருவார்கள், ஏதாவது சொல்வேன் என்று. ஒரு நாள் ஒருத்தர் கேட்டார், “மிஷினு போட்டிருக்கியாமே, கரண்டு பில்லு ஜாஸ்தி வருமே?”

“பில்லா? எங்கண்ணன் கரும்புக்குப் பாச்சுறாரு, நான் பலகைக்குப் பாச்சுறேன். என் ரம்பமும் ஒரு வெவசாயிதான்யா!”

கடையே சிரித்தது. டீ மாஸ்டர் டீயைக் கீழே ஊற்றிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே கதையை மறுநாளும் போய்ச் சொன்னேன்.

மூன்றாவது நாள் காலையில் ஷெட்டுக்கு முன்னால் கரண்ட் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்:

“எங்கேப்பா அந்த வெவசாயி ரம்பம்?”

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

“மிஷினு என்னுதுதாங்க சார். தம்பி சும்மா பாக்க வந்தான்.”

என் தலையெல்லாம் மரத்தூள். கையில் பாதி அறுத்த பலகை. இல்லை, என்னுது என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. ஊரெல்லாம் ஓயாமல் பேசிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. ஃபியூஸைப் பிடுங்கினார்கள், கம்பத்தில் ஏறிக் கம்பியை வெட்டினார்கள், அவர்கள் நீட்டிய இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். அதெல்லாம் நடந்து முடிகிறவரை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜீப் போனதும் அண்ணன் கேட்டார். “வெவசாயி ரம்பம்னு சொன்னது நீதான?”

“ஆமாண்ணா.”

“நல்லா இருக்குது,” என்றார். சிரிக்கவில்லை.

சித்திரை வெயில். பக்கத்துக் கொல்லைக்காரர் பத்து நாள் தண்ணீர் விட்டார். அவர் கிணறும் இறங்கியதும் நிறுத்திக்கொண்டார். கரும்பின் சோகை இலையெல்லாம் காய்ந்து, தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் கேட்டது. வருஷா வருஷம் மலைக்காரர்கள் கீழே இறங்கி அண்ணனின் கரும்பை வெட்ட வருவார்கள். அந்த வருஷம் அண்ணன் அவர்களின் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போனார். போகிற அன்று காலையில் அதே டீக்கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றார். நான் கடைக்குள்ளே இருந்தேன். வெளியே போய் ஒரு வார்த்தை பேசக் கால் வரவில்லை.

மிஷினைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். பெயிண்ட் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

ஆபீஸுக்கு நடந்து நடந்து, அடுத்த வருஷம் அண்ணன் கம்பியைத் திரும்ப வாங்கிவிட்டார். மறுபடி கரும்பு நட்டார். என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. போனால் “வாடா” என்பார். “சாப்ட்டியா?” என்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஷெட்டு வாசலில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணி வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு ரொம்பப் பிடித்த கதையை எடுத்தேன். மூன்று ஒயரையும் மூன்று முள்ளில் மாட்டிய கதை. உர்ர்ர் என்று முனகிக் காட்டினேன். ‘டப்’ என்றேன். விசிறியோடு வெளியே வந்தவர்கள் மாதிரி நடந்தும் காட்டினேன்.

“ம்,” என்றார் அண்ணன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

பெஞ்சில் சத்தமே இல்லை. குட்டைக் காலுக்கு அடியில் யாராவது கல் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன்.

கல் இல்லை.