ஐந்தரைக்குப் பூட்டிய வீடு

யோகலட்சுமிக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தலையாட்டுவது. யார் என்ன கேட்டாலும் வாய் யோசிப்பதற்குள் தலை ஆடிவிடும். காரைக்குடியில் தன் வீட்டிலேயே ஆறு பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவளுக்கு இது ஆகவே ஆகாத பழக்கம். ஆறு வாலுகளையும் ஒரே முறைப்பில் உட்கார வைத்துவிடுவாள். பெற்றவர்கள் வாசலில் வந்து நின்றால்தான் அந்த முறைப்பு எங்கே போகிறதென்று தெரியாது.

அதிலும் ஆதிரையின் அம்மா சத்தியப்பிரியா தனி ரகம். வங்கியில் வேலை. மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் இறக்கிவிட்டுப் போன பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்துவிடும். தோசையை முக்கோணமாக மடிக்க வேண்டும், வட்டமாகக் கொடுத்தால் தொடமாட்டாள். (வட்டமாகக் கொடுத்தால் இரண்டு உள்ளே போகும் என்பது யோகலட்சுமிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.) தூங்கும்போது ஃபேன் மூன்றில் ஓட வேண்டும், நான்கில் கூடாது. மணிக்கொரு போட்டோ வேண்டும், அதில் பிள்ளை சிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இங்கே தலை ஆடும். போனைப் பார்த்துத் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கணவன் பாண்டிமுருகன் கேட்பான். அதற்கும் ஆட்டுவாள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஐந்தரைக்கு வர வேண்டியவள் ஏழுக்கு முன்னால் வந்ததில்லை. போன் போட்டால், "அஞ்சே நிமிஷங்க்கா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்பாள். சத்தியப்பிரியாவின் ஐந்து நிமிடத்தில் ஒரு மனுஷி பஸ் ஏறித் தேவகோட்டையில் போய் இறங்கிவிடலாம்.

ஆடியில் தெரு அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். கல்யாணமாகி வந்து பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக யோகலட்சுமி முளைப்பாரி போட்டாள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பெற்றோருக்குத் தலையாட்டியே அது தட்டிப்போயிருந்தது. பயறு ஊறவைத்துச் சட்டியில் தூவி, கோயிலை ஒட்டிய இருட்டறையில் கொண்டுபோய் வைத்தபோது அவளுக்குச் சந்தோஷம் நெஞ்சில் கொள்ளவில்லை. எட்டாம் நாள் ஊர்வலத்தில் அதைத் தலையில் தூக்க வேண்டும். அதுவரை தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டி போட்டவர்கள் கும்மி கொட்டியாக வேண்டும், கொட்டினால்தான் பயிர் எழும்பும். மூன்று நாள் வராதவளின் சட்டி வேறொருத்தி தலைக்குப் போய்விடும். அந்தத் தெருவின் கட்டுப்பாடு அப்படி.

முதல் இரண்டு நாளும் ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடியே கும்மிச் சத்தத்தைக் கேட்டாள். இரண்டாம் நாள் அழுகையே வந்துவிட்டது. கும்மியை நடத்தும் அம்மாக்கண்ணு ராத்திரி வீட்டுக்கே வந்து, நாளைக்கும் வராவிட்டால் சட்டி எதிர்வீட்டுச் சித்ராவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். சித்ராவும் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

விடிந்ததும் யோகலட்சுமி பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள். 'முளைப்பாரி முடியும்வரை ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டிவிடுவேன். அதற்குமேல் வருகிறவர்கள் அம்மன் கோயில் கும்மிக்கு வந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளவும். சம்மதமா?' இரண்டே வினாடியில் சத்தியப்பிரியாவின் கட்டைவிரல் வந்து விழுந்தது. அவள் பேசுவாளே தவிர, வந்ததை வாசிக்கிற ஆளில்லை. அது தெரிந்துதான் யோகலட்சுமி அந்தக் கட்டைவிரலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

ஐந்தரைக்குள் ஐந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். சத்தியப்பிரியாவுக்குப் போன் போட்டாள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அஞ்சே நிமிஷம் என்று அந்தப் பக்கம் கட் ஆனது. யோகலட்சுமி கதவைப் பூட்டினாள். சாவியைத் திருப்பும்போது பயம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சத்தியப்பிரியா பூட்டைப் பார்த்து, பதறி, அக்கம்பக்கம் விசாரித்துக் கோயிலுக்கு ஓடிவந்தபோது மணி ஏழு. கும்மி உச்சத்தில் இருந்தது. வட்டத்துக்கு நடுவே விளக்குப் பக்கத்தில், தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆதிரை கைதட்டிக்கொண்டிருந்தாள். நேரே உள்ளே புகப்போனவளை அம்மாக்கண்ணு கையை நீட்டி மறித்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு அங்குட்டு நில்லு தாயி. பாட்டு முடியாம வட்டத்த உடைக்கக் கூடாது."

நின்றாள். வட்டம் சுற்றி யோகலட்சுமி அவளுக்கு நேராக வந்தாள். குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி, அந்தத் தாளம் தப்பாமல் சொன்னாள்:

"அஞ்சே நிமிஷம் மேடம்."

அடுத்த சுற்றிலும் சொன்னாள். அதற்கடுத்த சுற்றிலும் சொன்னாள். அம்மனைப் பற்றிய பாட்டு, எத்தனை சரணம் என்று அம்மாக்கண்ணுவுக்கே கணக்கில்லை. நான்காவது சுற்றில் வாயே திறக்கவில்லை, ஐந்து விரலை மட்டும் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

பாட்டு ஓய்ந்ததும் சத்தியப்பிரியா பொரிந்து தள்ளினாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். யோகலட்சுமி போனை எடுத்துக் கட்டைவிரலைக் காட்டினாள். சத்தியப்பிரியா குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுததுதான் மிச்சம்.

மறுநாளிலிருந்து ஐந்து இருபதுக்கே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

எட்டாம் நாள் ஊர்வலம். யோகலட்சுமியின் சட்டியில் பயிர் முழங்கை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சித்ரா பார்த்த பார்வையில் அது இன்னும் நாலு விரற்கடை வளர்ந்த மாதிரி இருந்தது. ஆதிரையின் பிடிவாதத்தால் சத்தியப்பிரியாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்தோடு பக்கத்திலேயே நடந்து வந்தவள், மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் ஆதிரைய கொஞ்சம் பாத்துக்கிறீகளா?"

பழக்க தோஷம், கழுத்து ஆடப்போனது. ஆட முடியவில்லை. தலையில் முளைப்பாரி இருந்தது. ஆட்டினால் பதினாலு வருஷம் தெருவில் சிதறும். வேறு வழியே இல்லாமல் வாயைத் திறந்தாள்.

"முடியாது மேடம். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு."

சொல்லிவிட்டு நேரே பார்த்து நடந்தாள். பக்கத்தில் சத்தியப்பிரியாவின் தலைதான் மெல்ல ஆடியது.