இருபத்தாறாம் லயம்

அழகர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தச்சு வேலையும் சுண்ணாம்பு அடிக்கிற வேலையும் பார்த்தவர். இலங்கை மலையகத்தில் பெரகலைக்கு மேலே இருந்த அந்தச் சிறிய தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், ஆறாம் லயத்து மூன்றாம் காம்பரா என்ற ஒற்றை அறையில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் வேலாயி 1974இல் புருஷனோடு இந்தியாவுக்குப் போனாள். மண்டபம் முகாமிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது: "வீடு கெடைச்சதும் விலாசம் எழுதுறேன் அப்பா." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

1977இல் அந்தத் தோட்டத்தைப் பக்கத்துப் பெரிய தோட்டத்தோடு சேர்த்தார்கள். அங்கே பதினெட்டு லயங்கள், இங்கே ஒன்பது. தோட்டத்து அலுவலகப் பெரிய கிளாக்கர் கணபதி, இங்குள்ள ஒன்றாம் லயம் இனிப் பத்தொன்பது என்று தொடங்கிப் பட்டியல் எழுதி, லயச் சுவர்களில் பழைய எண்களை அழித்துவிட்டுப் புதியவற்றைத் தாரில் எழுதும்படி அழகரிடம் கொடுத்தார்.

பெரிய தோட்டத்து ஆறாம் லயத்திலும் ஓர் அழகர் இருந்தார். தபால்காரர் லயத்தையும் காம்பராவையும் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வேலாயிக்குத் தெரிந்ததோ பழைய எண் மட்டும்.

"பழச அழிக்க வேணாங்க. முன்னால ஒரு ரெண்டு போடுறேன். ஆறு இருபத்தாறாயிரும்."

"அப்ப பத்தொம்பதும் இருபதும் எங்கப்பா போச்சு?"

"புதுசா கட்டுற லயத்துக்கு வச்சுக்கங்க."

"ஒழுகுற தகரத்தையே மாத்தல, புது லயம் கட்டுறானுங்களாம்!" கிளாக்கர் சிரித்தார். "ஒம் மக கடுதாசிக்கு நான் பட்டியலத் திருப்பி எழுதணுமா?"

"எம் மக மட்டுமாங்க? பாதிச் சனத்துக்கு அக்கரையில ஆளிருக்கு. அவங்ககிட்ட யாரு போயி புது நம்பர் சொல்றது? பழைய தோட்டத்துப் பேரு இருந்தா முன்னால ரெண்டு சேத்துக்கன்னு தபால்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒன்பது வரிகளைத் திருத்துவது சில நிமிட வேலை. கிளாக்கர் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார், ஆனால் திருத்தினார்; தபால்காரரிடமும் சொல்லிவைத்தார்.

அடுத்த மாதமே, 'எட்டாம் லயம்' என்று எழுதிய கடிதம் ஒன்று இருபத்தெட்டாம் லயத்துப் பெரியாயியின் கைக்கு வந்தது. பிறகு மற்றவர்களுக்கும் வந்தன. ஏற்பாட்டில் பிழையில்லை என்பதை ஒவ்வொரு கடிதமும் உறுதிசெய்தது. அழகருக்கு அதுவே பாரமாயிற்று.

"வேலாயி எழுதுச்சாண்ணே?" என்று பெரியாயி கேட்கும்போதெல்லாம், முன்பு, "எங்கயாச்சும் மாறிப் போயிருக்கும்" என்பார்.

இப்போது, "எழுதல தாயி" என்றார்.