திரும்பாத சாவி

ஆடி மாதம் எங்கள் உத்திரமேரூர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காக வந்த அத்தை, கூழெல்லாம் ஊற்றி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் செங்கல்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. மாமா கை நீட்டுகிறார் என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள், அப்பா தாத்தாவிடம் சொன்னார். தாத்தா பஞ்சாங்கத்தைப் பார்த்து, அத்தையைக் கொண்டுபோய் விட நல்ல நாள் குறித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்துக்கும் இதுதான் வைத்தியம்.

குறித்த நாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும். தவறினால் மறுநாள் அஷ்டமி, அதற்கடுத்து நவமி. அத்தைக்கு இன்னும் சில நாட்கள் கிடைத்துவிடும். அதனால்தானோ என்னவோ, அவள் சோற்றைப் பிசைந்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வண்டி மாமாவுடைய கார்தான். அவர் புதிது வாங்கியதும் பழையதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அப்பாவுக்கு ஓட்டிப் பழக்கமும் புதிது, வண்டியும் புதிது. அத்தையும் நானும் பின்னால் ஏறினோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்பா சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். திரும்பவில்லை.

சாவியை வேட்டியில் துடைத்துப் போட்டார். தலைகீழாகப் போட்டார். அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தாள். தாத்தா கற்பூரம் கொண்டு வந்தார். ஸ்டியரிங்கும் கல் மாதிரி இருந்தது.

"ரொம்ப முறுக்காத, சாவி ஒடிஞ்சிக்கப் போது" என்றார் தாத்தா. "மணி ஏழு இருபது ஆயிட்ச்சி. விட்டா வியாழக்கெழமைதான்."

அத்தை வாயைத் திறக்கவில்லை. மடியில் கிடந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. எனக்கோ அழுகை வந்துவிட்டது. கார் பயணம் கெட்டுவிடுமே என்றுதான்.

அப்பா கடைசியில் மாமாவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னா மாப்ள, சாவி திரும்பவே மாட்டங்குது."

"ஸ்டேரிங் லாக் ஆயிருக்கும் மச்சான். ஸ்டேரிங்க இப்டியும் அப்டியும் ஆட்டிக்கினே சாவியத் திருப்புங்க. பலமா முறுக்க வேணாம்."

அப்பா ஆட்டினார். டக்கென்று ஒரு சத்தம். சாவி திரும்பியது, வண்டி உறுமியது. நான் கை தட்டினேன். "மாப்ள மாப்ளதான்யா" என்று தாத்தா பூரித்துப் போனார்.

"அது அடிக்கடி ஆவும் மச்சான்" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே. "இவளுக்கே தெரியுமே. நான் இல்லாதப்ப இவதான் லாக்கு எடுப்பா. பக்கத்துலதான கீறா?"

"பின்னால குந்திக்கினு கீது" என்றார் அப்பா.

போனில் சிரிப்பு நின்றது. "வாயத் தொறக்கலியா? சரி, வரட்டும். நான் பேசிக்கிறேன்."

அதில் பயப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா பேசினால் எனக்குச் சிரிப்பு வரும், எப்போது வந்தாலும் கமர்கட் வாங்கி வருவார். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, ஏழரைக்குள் தெருவைத் தாண்டிவிட்டோம்.

ஏரிக்கரை வந்ததும் கேட்டேன். "ஏன் அத்த, ஒனக்குத் தெரிஞ்சிகினே இன்னாத்துக்கு சொல்லல?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறந்துட்டிருப்பா" என்று அப்பா அவசரமாகப் பதில் சொன்னார்.

நான் அதை நம்பிவிட்டேன். அப்பா நம்பவில்லை என்பதும், நம்பாமலேதான் செங்கல்பட்டு வரைக்கும் வண்டியை ஓட்டினார் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.