திகதியை மட்டும்

கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் அறை. ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. எந்தக் கடதாசியையும் தட்டச்சு செய்யுமுன் விரலை வைத்து இரண்டு முறை வாசிப்பார்.

கனடாவில் இருக்கும் ஒருவரை மணந்து அங்கே போக என் மகள் காத்திருந்தாள். அவளுடைய முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்ததற்கான சிங்களத் தீர்ப்பை ஆங்கிலத்தில் எழுதி வாங்கப் போயிருந்தேன்.

இரண்டாம் வாசிப்பில் அவர் விரல் நின்றது.

"இது முதல் தீர்ப்பும்மா. மூணு மாசம் போனாத்தான் முடிவான தீர்ப்பு தருவாங்க. இத அனுப்புனா விசா கெடைக்காது."

"அப்ப எம்மக இன்னும் அந்தக் குடிகாரனோட பொண்டாட்டியா?"

படியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

"கடதாசியில மட்டுந்தான். மொதல்ல தண்ணி குடிங்க. வீட்டுக்குப் போயி இந்தப் பேச்செல்லாம் மககிட்ட பேசாதீங்க. முடிவான தீர்ப்பு வர்ற திகதிய மட்டும் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். "அவ்வளவுதானேம்மா?" என்று மகள் சிரித்துவிட்டாள். உடைந்து போவாள் என்று வழியெல்லாம் பயந்து வந்தவள் நான். அவளைப் பார்த்தேயிராத அந்த மனிதர், பெற்ற என்னைவிட அவளை எப்படித்தான் அறிந்திருந்தாரோ.