அக்காவின் ஜன்னலும் எங்கள் வாசலும்

இரண்டு வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸுக்குப் பக்கத்துக் காணியில் பெரிய அடுக்குமாடி கட்டத் தொடங்கிய நேரத்தில் நடந்தது இது.

முன் வீட்டில் வீட்டுக்கார அக்கா. பின்னால், அவருடைய சமையலறைச் சுவரோடு ஒட்டிய இரண்டு அறைகளில் நானும் கணவரும். பாரிசவாதம் வந்ததிலிருந்து கணவருக்குச் சக்கர நாற்காலிதான். வீட்டின் பக்கவாட்டு நடை ஒடுக்கம், நாற்காலி போகாது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையால் தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஓட்டோவில் ஏற்றி உடற்பயிற்சிக்குக் கூட்டிப் போவேன்.

வேலை தொடங்க முன்னர், அக்கம்பக்கத்தாருக்கு என்ன இடைஞ்சல் வரும் என்று பார்க்கக் கம்பனி ஆட்கள் வந்தார்கள். கேற்றில் உள்ள இலக்கத்தைப் பார்த்து வீடு வீடாகப் போனார்கள். எங்கள் அனெக்ஸுக்குத் தனி இலக்கம் இல்லை. அக்காவின் சுவர் வெடிப்புகளைப் படம் பிடித்தார்கள். ஜன்னல்களுக்குத் தூசி மறைப்புப் போடுவதாகச் சொன்னார்கள்.

"சத்தத்தால நித்திரை குழம்புமா ஆன்ட்டி?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஓம் பிள்ளை, மத்தியானத்தில எனக்கு ஒரு கண் அயரவேணும்."

அக்காவின் மத்தியான நித்திரையைக்கூட விசாரிக்கிறார்கள். இங்கே இரண்டு உயிர் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பொறியியலாளர் சிங்களத்தில் சொன்னதை அதே பிள்ளை தமிழில் சொன்னாள். கட்டடம் முடியும்வரை பின் ஒழுங்கையை மூடி லொறிகளுக்கு விடப்போகிறார்களாம்.

"அதைப் பாவிக்கிற ஆக்கள் யாரும் இருக்கீங்களா?"

எழும்பினால் அக்கா கோவித்து வீட்டை விடச் சொல்லுவாரோ? எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழையாகக் கதைத்தால் சிரிப்பார்களோ? யோசித்து முடிக்க முதல் அந்தக் கதை முடிந்து அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள்.

அப்போது அக்கா எழும்பினார். தன் ஜன்னலுக்குக் கட்டும் மறைப்பு, சுவருக்குப் பொருத்தமாகக் கிறீம் நிறத்தில் வேண்டுமாம். பொறியியலாளர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எப்படி எழும்பினேனோ தெரியாது.

"அவவின்ர ஜன்னலுக்கு நிறம் பாத்துக் கட்டுறியள். என்ர மனுசன் வெளியில வாற வாசலை மூடப்போறியள். அதுக்கு என்ன நிறம்?"

மண்டபமே சிரித்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ர ஜன்னலில உனக்கென்னடி கண்?"

"கண் இல்லை அக்கா, எரிச்சல்."

அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "எந்த வாசல்? எங்கட பிளான்ல பின்னால வீடே இல்லையே" என்றாள். கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் பொறியியலாளரையும் கூட்டிக்கொண்டு என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பக்கவாட்டு நடையால், கணவர் இருந்தபடியே நாற்காலியைத் தானே தள்ளிப் பார்த்தாள். பாதியில் இறுகி நின்றது.

"தங்கச்சி, சுவரோட என்னையும் சேத்துக் கட்டிப்போடாதேங்கோ" என்றார் என் கணவர்.

கடைசியில் ஒழுங்கையில் ஒரு ஓரத்தைத் தகரம் அடித்துப் பிரித்து, மேலே கூரையும் போட்டுத் தந்தார்கள். நாங்கள் வெளிக்கிடும்போது ஒருவர் கொடி காட்டி லொறிகளை நிறுத்துவார். அக்கா கொஞ்ச நாள் என் முகம் பாராமல் திரிந்தார். ஆனாலும் அவருடைய கிறீம் நிற மறைப்புத்தான் முதலில் வந்தது. எங்கள் பாதை பிறகுதான். அதற்கும் எனக்கு எரிந்தது.

வருகிறவர்களிடம் எல்லாம் என் கணவர், "இவவுக்கு என்ன துணிச்சல் தெரியுமோ" என்று பெருமையாகச் சொல்லுவார். துணிச்சல் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அன்றைக்கு வயிறு எரிந்திராவிட்டால் அவர் இந்த இரண்டு அறைக்குள்ளேயே அடைபட்டிருப்பார் என்பதை நினைக்கும்போது, என்னைப் பொறாமைக்காரி என்று யார் சொன்னாலும் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை.